பழைய கோச் கைப்பையைத் தண்ணீரில் போடலாமா?

வணக்கம். இன்று என் மேசைமேல் இருப்பது கோச் (Coach) என்ற அமெரிக்க நிறுவனம் நியூயார்க் நகரில் செய்த ஒரு பழைய கைப்பை. கறுப்பு என்று சொல்லித்தான் விற்றார்கள். கேமராவுக்கு அருகில் கொண்டு வருகிறேன், பாருங்கள்: மூடியின் மடிப்பில் சாம்பல் பூத்திருக்கிறது, கீழ் மூலைகள் இரண்டும் வெளிறி நார் தெரிகிறது, தோள்வார் அட்டையைப் போல விறைத்துக் கிடக்கிறது. இப்படி ஒரு பை கைக்கு வந்தவுடன் கறுப்புச் சாயப் புட்டியைத் திறப்பவர்கள்தான் அதிகம். சாயத்துக்கு இன்னும் வெகுநேரம் இருக்கிறது, சில பைகளுக்கு அது தேவையே படாது. முதலில் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத ஓரிடத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்க்க வேண்டும்.

வைக்கிறேன். இதோ, சில நொடிகளிலேயே சொட்டு உள்ளே இறங்கி, அந்த இடம் கருத்துவிட்டது. இந்தத் தோலின் மேல் கனமான பூச்சு எதுவும் இல்லை, சாயம் மேலோடு நிற்காமல் நாருக்குள் ஊறியிருக்கிறது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்கிறோம். சொட்டு உருண்டு அப்படியே நின்றிருந்தால், மேலே நிறமிப் பூச்சு இருக்கிறது, நாம் தடவும் எந்தக் களிம்பும் பெரும்பாலும் அந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே போகாது என்று பொருள். இந்த இரண்டு தோல்களுக்கும் ஒரே மருந்து இல்லை. இணையத்தில் காணும் அறிவுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குப் பெரிய காரணம், சொல்பவர் எந்தத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுதான்.

கோச் பையின் தோல் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1941-இல் மன்ஹாட்டனில் பணப்பைகள் செய்யும் சிறிய பட்டறையாகத் தொடங்கிய தொழில் இது. பின்னாளில் அதை நடத்தியவர்கள் மைல்ஸ் கான், லில்லியன் கான் என்ற தம்பதியர். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் கையுறை பழகப் பழக மென்மையும் வலுவும் பெறுவதைக் கவனித்த மைல்ஸ் கான், கைப்பைக்கும் அப்படிப்பட்ட தோல் வேண்டும் என்று தடித்த மாட்டுத்தோலை அந்த வகையில் பதப்படுத்த முனைந்தார். 1962-இல் வடிவமைப்பாளராக வந்த பானி கேஷின், தமது காரின் மடக்குக் கூரையைப் பூட்டும் கொண்டியைப் பார்த்து, இந்தப் பித்தளைத் திருகுப் பூட்டைக் கைப்பைக்குக் கொண்டு வந்தார். 1985-இல் நிறுவனம் சாரா லீ குழுமத்துக்கு விற்கப்பட்டது. அதற்கு முன்னும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் செய்யப்பட்ட பைகளைத்தான் என்னைப் போன்றவர்கள் விரும்பித் தேடுகிறோம். உள்ளே திறந்து காட்டுகிறேன்: துணி உள்ளுறை கிடையாது, அட்டை கிடையாது, தோலின் சொரசொரப்பான அடிப்பக்கமே பையின் உட்புறம். முத்திரை குத்திய இந்தத் தோல் துண்டில் ஓர் எண் இருக்கிறது. இவ்வளவு பழைய பைகளில் அந்த எண்ணிலிருந்து ஆண்டையோ மாதிரியையோ படிக்க முடியாது, ஆகையால் யாராவது எண்ணை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்லி விலையை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

உள்ளுறையும் அட்டையும் பூச்சும் இல்லாததனால்தான், தலைப்பில் கேட்ட கேள்விக்கு இந்த ஒரு வகைப் பைக்கு மட்டும் ‘போடலாம்’ என்று பதில் சொல்ல முடிகிறது. எந்த நிறுவனத்தின் பராமரிப்பு அட்டையிலிருந்தும் வந்த முறை அன்று இது, பழைய பைகளை மீட்டெடுப்பவர்கள் தங்களுக்குள் பழகிப் பழகி வளர்த்த முறை. எனவே, தாத்தா காலத்து நினைவுப் பொருள், திரும்பக் கிடைக்காத பொருள் என்றால், இதைச் செய்யாமல் ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செய்வதென்றால், முதலில் உள்ளிருக்கும் தூசியை உதறி, பழைய பேனா மைக்கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் தண்ணீரில் மை பரவும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை. வெள்ளைத் துணியை நனைத்து உட்பக்கத்தில் தேய்த்துப் பார்த்தால் எவ்வளவு விடும் என்பது தெரியும். பிறகு அகலமான பிளாஸ்டிக் டப்பில் குளிர்ந்த தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள். பை முழுவதும் ஒரே நேரத்தில் நனைய வேண்டும். பாதி நனைந்து பாதி உலர்ந்திருந்தால், ஈரம் நின்ற எல்லையில் அழுக்கும் சாயமும் சேர்ந்து ஒரு கோடு விழும், அந்தக் கோட்டைப் போக்குவது பையைக் கழுவுவதைவிடக் கடினம். தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள், தேநீர் போலாகிவிட்டது. இதில் அழுக்கும் இருக்கிறது, கொஞ்சம் சாயமும் இருக்கிறது, அரை மணி நேரத்துக்கு மேல் ஊறவிட வேண்டியதில்லை. மென்மையான துணியால் மடிப்புகளையும் வார்களையும் தடவிவிட்டு, சோப்பு போகும்வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

உலர்த்துவதில்தான் பைகள் கெடுகின்றன. தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். ஈரமான தோல் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தைத் தொட்டால் அந்த நார்கள் சுருண்டு சுருங்கிவிடும், பின்பு விரியாது. பதனிடாத தோலில் அது ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி செல்சியஸ், தாவரப் பட்டைகளால் பதனிட்டதில் 75 முதல் 85, குரோம் உப்பால் பதனிட்டதில் 100-ஐ ஒட்டி. ஆனால் தோல் மூப்படையும்போது இந்த எண் இறங்கிக்கொண்டே வரும். நாற்பது ஆண்டுப் பை எந்த எண்ணில் நிற்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது, அதனால் ஹேர் டிரையரும் வேண்டாம், மொட்டைமாடி வெயிலும் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, உள்ளே பழைய பருத்தித் துண்டுகளை அடைத்து வடிவம் பிடித்து, மின்விசிறி ஓடும் அறையில் நிழலில் வைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் உலரும். இந்த நாள்களில் மூலைகளை விரல்களால் அழுத்தி உருவம் கொடுக்கலாம், ஈரத் தோல் சொன்னபடி கேட்கும்.

முழுவதும் காய்ந்த பிறகு களிம்பு போடலாம் என்று காத்திருப்பதைவிட, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் அளவு ஈரம் இருக்கும்போதே முதல் பூச்சைப் போட்டுவிடுவது நல்லது. தண்ணீர் வெளியேறும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால்தான் தோல் விறைக்கிறது. அவற்றுக்கு நடுவே வழுக்கல் தரும் எண்ணெய், பதனிடும் இடத்திலேயே ஊட்டப்பட்டது, நாளாவட்டத்திலும் இப்போது கழுவியதிலும் கொஞ்சம் போயிருக்கும். அதைத் திருப்பிக் கொடுப்பதே லெதர் கண்டிஷனர் எனப்படும் இந்தக் களிம்பின் வேலை. மெல்லிய பூச்சாகப் போட்டு, ஒரு நாள் விட்டு, குடிக்காமல் மேலே நின்றதைத் துடைத்துவிட்டு, வேண்டுமானால் மறுபடி ஒன்று. தோள்வார் வளையத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும்.

இந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் பற்றிப் பேசாமல் போக முடியாது. வீட்டில் இருக்கிறது, இயற்கையானது, செருப்புக்குப் போட்டுப் பழக்கம் என்று பலரும் அதைத் தடவுகிறார்கள். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையும் கொழுப்பு அது. ஏசி அறையில் வைத்த பையின் மேல் வெள்ளையாகப் பூத்து வந்ததும் பூஞ்சை என்று பயந்து, அதற்கு வேறு மருந்து போடத் தொடங்குவார்கள். கொழுப்பா பூஞ்சையா என்று அறிவது எளிது: உலர்ந்த பையில் அந்த வெள்ளைமேல் விரலை வைத்துக் கொஞ்சம் சூடேற்றிப் பாருங்கள், கொழுப்பு உருகி மறையும், பூஞ்சை மறையாது, அதற்கு ஒரு முடை நாற்றமும் இருக்கும்.

அதிக எண்ணெயின் அடையாளம் இன்னொன்றையும் இந்தப் பையிலேயே காட்ட முடிகிறது. பித்தளை வளையம் தோலைத் தொடும் இடத்தில் பச்சையாக மெழுகுபோல் ஏதோ ஒட்டியிருக்கிறது, தெரிகிறதா? தோலிலுள்ள கொழுப்பு அமிலமும் பித்தளையிலுள்ள செம்பும் சேர்ந்து உருவாவது அது. முந்தைய சொந்தக்காரர் அன்போடு எண்ணெய் ஊற்றியிருக்கிறார். பல்குத்தும் மரக்குச்சியால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்தால் வந்துவிடும், இரும்புக் கத்தியை எடுக்க வேண்டாம். இந்தப் பை செய்யப்பட்ட காலத்துப் பூட்டுகள் முழுப் பித்தளை என்பதால் பிராஸோ போன்ற பளபளப்பியைத் துணியில் தொட்டு, தோலில் படாமல் காகிதம் வைத்துத் தேய்க்கலாம். பிற்காலப் பைகளிலும் வேறு பல நிறுவனப் பைகளிலும் இருப்பது முலாம். அதைத் தேய்த்தால் பொன்னிறம் போய் அடியிலுள்ள உலோகம் வெளிப்படும். என்னைக் கேட்டால், பூட்டைப் பளபளவென்று ஆக்குவதே அவசியமில்லை, மங்கிய பித்தளைக்கு இந்தப் பையோடு பொருத்தம் அதிகம்.

இப்போது மூலைகளின் நிறத்துக்கு வருகிறோம். கழுவி, எண்ணெய் கொடுத்த பிறகு பாருங்கள், சாம்பல் மடிப்பு தானாகவே கறுத்துவிட்டது, ஏனெனில் அங்கே போயிருந்தது பெரும்பாலும் எண்ணெய்தான், சாயம் அன்று. மூலைகளில் மட்டும் உண்மையாகவே நிறம் தேய்ந்திருக்கிறது. காலணிக்குப் போடும் நிறமுள்ள கிரீம், துணியில் தொட்டு, அந்த இடத்தில் மட்டும். பை முழுவதும் அக்ரிலிக் பெயின்ட் பூசிப் புதியதுபோல் ஆக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். முதல் நாள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் இறங்கிய தோல் அதற்குப் பிறகு தண்ணீர் இறங்காத தோலாகிவிடும், மடிப்பில் பூச்சு வெடிக்கும், அடுத்து யாரும் அதற்கு எண்ணெய் ஊட்ட முடியாது. தேய்ந்த மூலையை அப்படியே விட்டு வைப்பது அதைவிட மரியாதையான வேலை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, உங்கள் லூயி விட்டான் பையை யாரும் தண்ணீரில் போட்டுவிடக் கூடாது. அந்த நிறுவனத்தின் எழுத்து முத்திரை நிறைந்த மோனோகிராம் கேன்வாஸ் 1896-இல் ஜார்ஜ் விட்டான் உருவாக்கியது. இன்று நாம் காணும் பைகளில் அது பூச்சிட்ட துணி, தோல் அன்று. கைப்பிடியும் விளிம்பு வார்களும்தான் தோல், அதுவும் தாவரப் பட்டையால் பதனிட்டு, மேலே எதுவும் பூசாமல் விட்ட மாட்டுத்தோல். புதிதில் வெளிறிய நிறத்தில் இருந்து, வெளிச்சமும் கைபட்ட எண்ணெயும் சேரச் சேரத் தேன் நிறத்துக்கு வரும். ஒரு மழைச் சொட்டு போதும், வட்டமாகக் கறை நிற்கும். நம் ஊரில் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலைக் கையாண்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இந்த வகைத் தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பு பட்டால் கருநீலக் கறை விழும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பைச் சேர்த்து மை செய்தார்களே, அதே வேதிவினை. ஆகையால் நனைந்த பையை இரும்புக் கொக்கியில் மாட்ட வேண்டாம்.

எர்மேஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ‘கெல்லி’ எனப்படும் பழைய கைப்பைகளில் காணும், ‘பாக்ஸ்’ என்ற வழவழப்பான கன்றுத்தோலுக்கும் தண்ணீர் ஆகாது, கொப்புளம்போல எழும்பும். அதில் கீறல்களை உலர்ந்த மென்துணியால் பொறுமையாகத் தேய்த்தே மங்கச் செய்யலாம். தையல் விட்டால் மெஷினில் கொடுக்காதீர்கள். இரண்டு ஊசிகளால், மெழுகிட்ட லினன் நூலில், ஒரே துளை வழியே எதிரெதிராகத் தைத்த தையல் அது. ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றது பிரியாது. அதே துளைகளில் கையால் தைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுக்க வேண்டும், அல்லது நிறுவனத்திடமே அனுப்பிவிடலாம். 1945 முதல் அந்தப் பைகளில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து உண்டு. எழுத்துகள் மறுபடி A-இலிருந்து 1971-இல் தொடங்கிய சுற்றில் அந்த எழுத்தைச் சுற்றி வட்டமும், 1997-இல் தொடங்கிய சுற்றில் சதுரமும் இருக்கும். இது வாங்கும்போது பயன்படும்.

மீட்க முடியாதவையும் உண்டு. தொட்டால் செங்கல் பொடிபோல் விரலில் ஒட்டும் நூறாண்டுப் பழைய தாவரப் பதனிட்ட தோலில், காற்றிலிருந்த கந்தக மாசு அமிலமாகி நார்களையே அரித்துவிட்டது. அதற்கு எண்ணெய் போட்டால் கருத்து, இன்னும் உதிரும். பொடியை இருத்திப் பிடிக்கும் பசைகள் உள்ளனவே தவிர, தோள்வாராகத் திரும்பாது. 1980, 90-களின் சில பைகளில் உள்பாக்கெட்டின் செயற்கைப் பூச்சு ஈரக்காற்றில் சிதைந்து பிசுபிசுக்கும். அதற்கு டால்கம் பவுடர் தூவுவது தற்காலிக மறைப்பு, உள்ளுறையை மாற்றுவதே வழி.

வைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாஸ்டிக் உறை வேண்டாம், பருத்தித் துணிப்பை போதும். உள்ளே சாயம் போகாத துணியை அடைத்து, வாரைப் பூட்டிலிருந்து தளர்த்தி, நிற்கும் நிலையில் வைக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டும் ஊர்களில், சென்னையில் அது வழக்கம்தான், மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடுவது சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நம்பியிருப்பதைவிட மேல். அந்தப் பொட்டலங்கள் ஈரத்தை நிறையக் குடித்த பிறகு வெறும் மணல்தான்.

உங்கள் பையைப் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் முன்பக்கப் படத்தை மட்டும் அனுப்ப வேண்டாம். உட்புறம், அடிப்பக்கம், தண்ணீர்ச் சொட்டு வைத்த இடம், இந்த மூன்றின் படங்களும் இருந்தால்தான் என்னால் ஏதாவது சொல்ல முடியும்.