ஒரே வாயுவுக்கு இரண்டு சாட்சிகள்

திருகோணமலை நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

உப்புப் போட்ட கஞ்சி பொங்கி அடுப்பில் வழியும்போது, எரிவாயுவின் நீலச் சுவாலை சட்டென்று மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பிலுள்ள சோடியம் சூடேறியதும் தனக்கே உரிய அந்த மஞ்சளை வீசுகிறது. ஒவ்வொரு மூலகத்துக்கும் இப்படிச் சொந்த நிறங்கள் உண்டு. இன்று நான் பேச வந்த வாயு நாலரைக் கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், மெசியே 77 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கிறது. அதை வாசிப்பதும் இந்த அடுப்படி அறிவைக் கொண்டுதான்.

நம் துறைமுகத்தில் குண்டு விழுந்ததற்கு அடுத்த ஆண்டு, 1943இல், அமெரிக்க வானியலாளர் கார்ல் செய்ஃபர்ட் மெசியே 77 உட்பட ஆறு விண்மீன் மண்டலங்களைப் பற்றி எழுதினார். அவற்றின் நடுப்பகுதி சிறியது, ஆனால் கண்ணைப் பறிக்கும் பிரகாசம். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில், மூலகங்களின் நிறங்கள் மெல்லிய கோடுகளாக இருக்க வேண்டியவை; இங்கே அவை அகன்று கிடந்தன. நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கம் நகரும், விலகிப் போவதன் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். இரண்டும் கலந்தால் கோடு விரிந்துவிடும். சிலவற்றில் ஐதரசன் கோடுகளின் அகலம், வேகமாகக் கணக்கிட்டால், நொடிக்கு 8,500 கிலோமீற்றர் வரை போயிற்று. வாயுவை அப்படிச் சுழற்றுவது நடுவிலுள்ள பெரும் கருந்துளை என்பது பின்னால் தெளிவாயிற்று.

அந்த ஒளியில் என்னை எப்போதும் ஈர்ப்பது ஒரு பச்சைக் கோடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாயு முகில்களில் அதைக் கண்டவர்கள், பூமியில் இல்லாத புது மூலகம் என்று எண்ணி அதற்குப் பெயர்கூட வைத்தார்கள். 1927இல் ஐரா போவன் அவிழ்த்த விடை எளிமையானது: அது நாம் மூச்சில் இழுக்கும் ஒட்சிசன்தான், இரண்டு இலத்திரன்களை இழந்த நிலையில். அந்தப் பச்சையை உமிழ அதற்கு அரை நிமிடம் அளவுக்குத் தொந்தரவில்லாத அமைதி தேவை. நம் காற்றில் ஓர் அணுவை மற்றது நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை இடித்துக்கொண்டிருக்கிறது. அமைதிக்கு வழியே இல்லை. ஆகவே அந்தப் பச்சை தெரிந்தால், அங்கே வாயு மிக மிக ஐதாக இருக்கிறது என்று பொருள்.

இது கண் சொல்லும் சாட்சியம். வாயுவில் என்ன இருக்கிறது, எவ்வளவு வேகம், எவ்வளவு அடர்த்தி எல்லாம் தெரிந்துவிட்டது. அதைத் தள்ளுவது யார் என்பது மட்டும் தெரியவில்லை.

அதற்கு வானொலி அலைகள் வந்தன. மழை இருட்டில் வெளிச்சவீடு மங்கிப்போனாலும் உங்கள் வானொலிப் பெட்டி பேசிக்கொண்டே இருக்கிறது அல்லவா? விண்வெளித் தூசியையும் அவை அப்படித்தான் கடந்து வருகின்றன. நியூ மெக்சிக்கோ பாலைநிலத்தில் 27 அலைவாங்கிகள் ஒன்றாக இயங்கும் தொலைநோக்கி, 1980களில் செய்ஃபர்ட் மண்டலங்களின் நடுவைப் படமெடுத்தது. மெசியே 77இன் மையத்திலிருந்து ஒரு தாரை பீறிட்டு நின்றது. ஒளியின் வேகத்தை நெருங்கிய இலத்திரன்கள் காந்தப்புலத்தில் சுருண்டு சுருண்டு ஓடும்போது எழும் வானொலி அலைகளே அந்தப் படத்தில் தெரிந்தவை.

பிறகு அந்தப் படத்தைப் பச்சை ஒளிப் படத்தின் மேல் வைத்தார்கள். இரண்டும் ஒரே திசையில் நீண்டிருந்தன. தாரையின் முனை வில்போல வளைந்திருந்தது. உட்துறைமுகத்தில் இயந்திரப் படகு வேகமாகப் போகையில் அணியத்துக்கு முன்னால் தண்ணீர் வளைந்து குவிவதைப் பாருங்கள், அதே வளைவு. தாரை வாயுவை உழுது தள்ளுகிறது, நெருக்குகிறது. ஒளிர வைப்பதில் பெரும் பங்கு மையத்தின் கதிர்வீச்சுக்கே என்பதுதான் என் கருத்து. ஆனால் வாயு எங்கே குவியும், எந்த வேகத்தில் ஓடும் என்பதில் தாரையின் கை இருக்கிறது. ஒரு படத்தை மட்டும் வைத்திருந்தால் இது ஒருநாளும் புலப்பட்டிராது.

மெசியே 77 திமிங்கிலம் என்ற உடுத்தொகுதியில் இருக்கிறது. டிசம்பர் இரவில் உச்சிக்கு வரும், ஆனால் அப்போது நமக்கு மழைக்காலம். ஆகஸ்டில், விடிவதற்கு முன் நாலரை மணியளவில் நிலாவெளிக் கரைக்குப் போங்கள். கச்சான் காற்றில் முகிலில்லாத நாளாக, நிலவும் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே, சற்றுத் தெற்கே, நான்கு அங்குலத் தொலைநோக்கியில் ஒரு மங்கலான திட்டாகத் தெரியும். நடுவில் மட்டும் ஒரு புள்ளி சற்றுத் தூக்கலாக இருக்கும். அந்தப் புள்ளிக்குள்தான் நான் சொன்ன அத்தனையும் நடக்கிறது.

வணக்கம்.