ஜானகி அம்மையாரும் பெரட்டுக் களத்துப் பெண்களும்

அனைவருக்கும் வணக்கம். விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் டத்தோ அவர்களுக்கும், வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியை அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்கும், விடியற்காலையிலேயே வந்து நாற்காலி அடுக்கிய இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும் நன்றி. முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கும் தோட்டத்துப் பாட்டிமார்களுக்கு என் தனி வணக்கம். இன்றைய பேச்சு உங்களுக்காகத்தான்.

புவான்ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பன் அம்மையாரை நினைவுகூரக் கூடியிருக்கிறோம். அவருடைய படை வாழ்க்கை, அரசியல், சமூகப் பணி என்று மூன்றையும் பேசலாம் என்று குறிப்பெடுத்து வந்தேன். எங்கள் அப்பா அடிக்கடி ஒன்று சொல்வார்: எறும்பு ஊரக் கல்லும் தேயும். அம்மையாரின் வாழ்க்கையை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

1943 ஜூலை. நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கி, இந்திய விடுதலைப் போருக்கு ஆளும் பொருளும் கேட்டு மலாயா முழுக்கப் பேசிக்கொண்டு வருகிறார். கோலாலம்பூரில் ஒரு கூட்டம். 1925இல் வசதியான வீட்டில் பிறந்த ஜானகிக்கு அப்போது பதினெட்டு வயது. பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றவர் தம் காதணிகளைக் கழற்றி நேதாஜியிடம் கொடுத்துவிட்டார். கேட்கும்போது சின்னச் செய்திதான். தாய்மார்களே, இப்போது உங்கள் காதைத் தொட்டுப் பாருங்கள். திருகாணியைத் திருகிக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகிறது? ஒரு காதணியைக் கழற்றியதும் மனம் மாற நேரம் இருக்கிறது அல்லவா? அந்தக் கூட்டத்தில், அந்த நெரிசலில், இரண்டாவது காதுக்கும் கை போயிருக்கிறது. அது ஜப்பான்காரன் ஆட்சிக் காலம். அரிசிக்கே அலைந்த காலம். பொட்டுத் தங்கம் இருந்தால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும். அப்புறம், கன்னிப்பெண் மூளிக் காதோடு வீட்டு வாசல்படி ஏறினால் என்ன பேச்சு வரும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பேச்சுக்கும் அவர் அஞ்சவில்லை. அதோடு, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென அமைந்த ஜான்சி ராணிப் படையில் சேரப்போகிறேன் என்றும் நின்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பிடிவாதமாக மன்றாடித்தான் சம்மதம் வாங்கினார். எறும்பு ஊரக் கல்லும் தேயும்!

செல்லமாக வளர்ந்த பிள்ளைக்கு முகாம் வாழ்க்கையின் கடுமை முதலில் ஒத்துவரவில்லை. போகப் போகப் பழகிக்கொண்டு, டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையேற்ற அந்தப் படையில் இரண்டாம் நிலைப் பொறுப்பு வரை உயர்ந்தார். பர்மாவுக்குப் போனார். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, பகலில் விமானத் தாக்குதலுக்கு ஒளிந்து, இரவில் சேற்றில் நடந்து வந்த பெண்களில் அவரும் ஒருவர். நேதாஜியும் அவர்களோடு நடந்தார்.

சரி, அந்த வரிசையில் அவருக்குப் பின்னால் நடந்த பெண்கள் யார்? படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இருட்டில் எழுந்து, வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள், உளி பிடித்துப் பால் வெட்டியவர்கள். ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஆண்களைக் கொண்டுபோன அதே தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு பாட்டி இருந்தார். மத்தியானம் குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் நாங்கள் ஓடிப்போய் "ஜெய் ஹிந்த்" என்று கத்துவோம். வாளியைக் கீழே வைப்பார், ஈரக் கையைச் சேலையில் துடைப்பார், நிமிர்ந்து நிற்பார். வெறுங்காலின் குதிகால் இரண்டும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். நாங்கள் சிரித்துக்கொண்டு ஓடிவிடுவோம். எந்த முகாமில் பயிற்சி எடுத்தீர்கள், பர்மா வரை போனீர்களா என்று ஒருநாளும் நாங்கள் கேட்டதில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், லயத்தையும் இடித்தார்கள். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். அவர் முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது.

அதனால்தான் நான் போகும் மேடையிலெல்லாம் இதையே கேட்கிறேன். தமிழ்ப்பள்ளிக்கு ஒரு நோட்டுப் புத்தகம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதட்டும். யார் படைக்குப் போனார், எந்தத் தோட்டம், திரும்பி வந்தாரா? ஒரு பிள்ளை ஒரு பக்கம் எழுதினால் போதும். எறும்பு ஊரக் கல்லும் தேயும். தலைமையாசிரியை அவர்கள் இந்த மாதமே தொடங்கலாம் என்று மேடைக்கு வருமுன் சொன்னார்கள். டத்தோ அவர்கள் அச்சுச் செலவை ஏற்க வேண்டும் என்று சபையறியக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மையாரின் அரசியலைப் பேச நேரமில்லை. 1946இல் ம.இ.கா. என்னும் மலாயா இந்திய காங்கிரஸ் கட்சி பிறந்தபோது அதன் முதல் தலைவர் ஜான் திவியோடு நின்றவர், பின்னாளில் மேலவை உறுப்பினரானவர், 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ பெற்றவர், 2014 மே 9இல் மறைந்தவர். இதை மட்டும் இன்று சொல்லிவைக்கிறேன்.

நோட்டுப் புத்தகங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. இரண்டாம் வரிசையில் நீலச் சேலை கட்டியிருக்கும் அம்மா, உள்ளே வரும்போது உங்கள் பெரியக்கா ரங்கூன் போனதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினீர்களே. சாப்பாட்டுக்கு எழுந்துவிடாதீர்கள், பேனாவோடு முதலில் உங்களிடம்தான் வருகிறேன்.