சுட்ட பானையில் கையெழுத்துப் போட முடியுமா? ஒரு பேரரசர் போட்டார்!

பானை சூளையிலிருந்து வெளியே வந்துவிட்டது. மேலே பூசிய பளபளப்புப் பூச்சான கிளேஸ் உருகி, ஆறி, கண்ணாடியாகிவிட்டது. திருப்பிப் பார்த்தால் அடியில் உங்கள் பெயர் இல்லை! பச்சை மண்ணாக இருக்கும்போதே கீறியிருக்கலாம். சரி, அந்தப் பேச்சு இனி எதற்கு?

பலரும் முதலில் தேடுவது பீங்கான் மார்க்கரை. எழுதிவிட்டு ஓவனில் 150 டிகிரி செல்சியஸ் அளவில் சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டுக்கு கிளேஸ் அசையாது. மை மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். தேய்த்துக் கழுவக் கழுவப் போய்விடும். கிளேஸ் மேல் எழுதும் வண்ணங்களைக் கொண்டு எழுதி, மறுபடி 700 முதல் 800 டிகிரி வரை சுட்டால் நிலைக்கும். ஆனால் ஒரு கையெழுத்துக்காக நல்ல பானையை மீண்டும் சூளைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது, விரிசல் விட்டால் யார் பொறுப்பு?

என் வாக்கு செதுக்குவதற்கே. இதற்கு முன்னோடி யார் தெரியுமா? சீனப் பேரரசர் சியென்லாங். 18ஆம் நூற்றாண்டில், தம் காலத்துக்கு 600 ஆண்டுகளுக்கு முந்தைய, ‘ரூ’ என்னும் சீன மண்பாண்ட வகைக் கிண்ணங்களை எடுத்து, அவற்றின் அடியில் தாம் எழுதிய கவிதைகளைச் செதுக்கவைத்தார். இன்று உலகம் முழுவதும் நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் அரும்பொருள்கள் அவை! செய்த குயவரின் பெயர் யாருக்கும் தெரியாது. ரசித்தவரின் கவிதை மட்டும் அழியாமல் இருக்கிறது. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் வேலை சுத்தம், அதை மறுக்க முடியாது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மன்னர் அகஸ்டஸ் சேர்த்த பீங்கான்களிலும் இதே முறைதான். 1721இல் தொடங்கிய பட்டியலின் எண்களை கிளேஸில் வெட்டி, பள்ளத்தில் கறுப்பு பூசினார்கள். வழவழப்பான கிளேஸில் நிற்காத மை, சொரசொரப்பான பள்ளத்தில் நின்றுவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது: வைர முனை பொருத்திய சிறு சுழல் கருவி, குறைந்த வேகம், லேசான அழுத்தம். கிளேஸ் படாத அடிவளையம் இருந்தால் அங்கேயே செதுக்குங்கள். அந்த இடத்தை நனைத்த ஸ்பாஞ்சால் ஈரமாகவே வைத்திருங்கள். முனையும் சூடேறாது, தூசியும் பறக்காது. அந்தத் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் கருவியைத் தொடாதீர்கள். முதலில் ஓர் உடைந்த ஓட்டில் பழகுங்கள்.

ஓட்டில் பழகும்போதே ஒன்று புரியும்: வளைவுகளில் முனை வழுக்கி ஓடும். முழுப் பெயருக்கு ஆசைப்படாமல் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ‘ப’, ‘ட’ என்று தொடங்கும் பெயர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், நேர்க்கோடுகளிலேயே வேலை முடிந்துவிடும். உங்கள் முதல் எழுத்து எது என்று கீழே எழுதுங்கள். ‘ஞ’வில் தொடங்குகிறவர் யாராவது இருந்தால், அவருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.