டப்ஸ்டெப்: தெற்கு லண்டனின் பேஸ் இசை

வணக்கம் நேயர்களே. டப்ஸ்டெப் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, 2010-க்குப் பிறகு ஸ்க்ரில்லெக்ஸ் போன்றவர்கள் அமெரிக்காவில் பிரபலமாக்கிய கரகரப்பான ஓசைதான். அது பின்னால் வந்த கிளை. நான் பேச வந்தது அதற்குப் பத்தாண்டு முன்பு தெற்கு லண்டனில், க்ராய்டன் பகுதியில் பிறந்த இசையைப் பற்றி.

அங்கே சந்தை கூடும் சர்ரே தெருவில் பிக் ஆப்பிள் என்று ஓர் இசைத்தட்டுக் கடை இருந்தது. ஹாட்சா என்ற டிஜே அங்கே வேலை பார்த்தார். ஸ்க்ரீம், பெங்கா என்ற இரண்டு பதின்வயதுப் பையன்கள் வீட்டுக் கணினியில் செய்த இசையை அவரிடம் கொடுப்பார்கள். பிடித்துப்போனால் அவர் அதை கிளப்பில் போடுவார். அப்போது லண்டனைக் கலக்கிக்கொண்டிருந்தது துள்ளலான கராஜ் இசை. இவர்கள் அதிலிருந்து பாட்டுக்குரலையும் மினுக்கையும் உருவிவிட்டு, பேஸ் என்னும் தாழ்ந்த, கனத்த ஒலியையும் வெற்றிடத்தையும் வைத்தார்கள்.

இந்த வெற்றிடம்தான் என்னைக் கட்டிப்போட்டது. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 140 தாள அடி. ஆனால் சுள்ளென்று ஒலிக்கும் ஸ்நேர் டிரம் நாலு அடிக்கு ஒரு தடவை, மூன்றாவதில் மட்டும் விழும். அதனால் பாதி வேகத்தில் நடப்பது போலிருக்கும். நடுவில் விட்ட இடமெல்லாம் பேஸுக்கு.

இதன் வேர் ஜமைக்காவில் இருக்கிறது. 1970-களில் கிங் டபி போன்றோர் ரெக்கே பாடல்களில் குரலைக் குறைத்து, பேஸ், டிரம்ஸ், எதிரொலி மூன்றையும் முன்னே கொண்டுவந்தார்கள். ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி வைக்கும் சவுண்ட் சிஸ்டம் வழக்கம், குடியேறிய கரீபிய மக்களோடு லண்டனுக்கு வந்தது. 2005-இல் மாலா, கோக்கி, லோஃபா ஆகிய இசைக்கலைஞர்கள் தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டனில் தொடங்கிய டிஎம்இசட் (DMZ) கிளப் இரவுகள் அந்த மரபின் நேர் வாரிசு. பேஸில் வரும், நொடிக்கு 40 முறை அதிரும் (40 ஹெர்ட்ஸ்) ஒலியலை ஒன்றின் நீளமே எட்டு மீட்டருக்கு மேல். திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், அந்த அதிர்வை நெஞ்சுதான் முதலில் வாங்கும்.

2006 ஜனவரியில் பிபிசி ரேடியோ 1-இல் தொகுப்பாளர் மேரி ஆன் ஹாப்ஸ் இந்தக் கலைஞர்களை ஒரே நிகழ்ச்சியில் கூட்டினார். அப்புறம்தான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

சின்ன ரேடியோப் பெட்டியிலும் கைப்பேசியிலும் இந்த பேஸ் கேட்காது. தேடிக் கேட்பதானால் தயவுசெய்து பேஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபர் உள்ள ஸ்பீக்கரில் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு நல்ல ஹெட்ஃபோனாவது போட்டுக்கொள்ளுங்கள்.