சாய்ந்து நிற்கும் ஹெர்குலிஸ்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, பத்து வருஷமாக நான் கேட்ட புத்தகத்தையெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்த நூலகர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட வணிகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, கடை அடைத்த கையோடு பஸ் பிடித்து வந்திருக்கும் ஜவுளிக்கடைத் தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம். அண்ணாச்சியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பொன்னாடை போர்த்தப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்து, இந்தக் காசுக்கு நூலகத்தில் ரெண்டு நாற்காலி வாங்கிப் போடுங்கள் என்றார். கடையில் நின்றே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை கேட்டு ஒரு மனு போடுகிறோம்; அதைப் பற்றி இன்றைக்குப் பேச வந்த எனக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

பழைய கிரேக்கர்கள் தங்கள் புராண மாந்தர்களின் சிலையில் அறத்தை எப்படி வைத்தார்கள் என்று மூன்று பேரைக் கொண்டு சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்: மகா பலசாலி ஹெர்குலிஸ், ஏதென்ஸ் வீரன் தீசியஸ், டிராய் நகரத்துப் பூசாரி லாவோக்கூன். முதலில் ஹெர்குலிஸ். கிரேக்கர்கள் வாயில் ஹெராக்ளீஸ்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் மூன்று மீட்டருக்கு மேல் உயரமான பளிங்குச் சிலை ஒன்று நிற்கிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் லிசிப்போஸ் என்ற சிற்பி வெண்கலத்தில் வார்த்த சிலையைப் பார்த்து, ரோமாபுரிக் காலத்தில் ஏதென்ஸ்காரர் கிளைக்கோன் பளிங்கில் செதுக்கியது. தன் பெயரையும் அதிலேயே வெட்டி வைத்திருக்கிறார். ரோமில் கரகல்லா மன்னன் கட்டிய பெரிய குளியல் மண்டபத்தின் இடிபாட்டில் 1546இல் கிடைத்தது.

வீரன் சிலை என்றால் நாம் என்ன நினைப்போம்? ஓங்கிய கை, நிமிர்ந்த தலை, காலடியில் எதிரி. இதில் அப்படி எதுவும் கிடையாது. கதாயுதத்தைப் பாறைமேல் ஊன்றி, அதன்மேல் சிங்கத் தோலைப் போட்டு, இடது அக்குளை அதில் அண்டைகொடுத்துச் சாய்ந்து நிற்கிறான். தலை தொங்கிப்போயிருக்கிறது. இடது கை சும்மா கீழே கிடக்கிறது. உடம்பு மலை மாதிரி, முகம் நாள் முழுக்க மூட்டை தூக்கியவன் முகம். அப்புறம் சிலையைச் சுற்றிப் பின்பக்கம் போனால்தான் விஷயமே தெரியும். முதுகுக்குப் பின்னால் மடக்கிய வலது கையில், ஹெஸ்பெரிடீஸ் என்ற தேவகன்னிகளின் தோட்டத்துப் பொன் ஆப்பிள்கள்! யூரிஸ்தியஸ் மன்னன் ஹெர்குலிஸுக்கு ஏவிய பன்னிரண்டு கடினமான வேலைகளில் கிட்டத்தட்ட கடைசி வேலை அது. ஜெயித்துவிட்டான். ஜெயித்ததைப் பின்னால் வைத்தார் சிற்பி, களைப்பை முன்னால் வைத்தார். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்களே, அதைக் கல்லில் சொன்ன மாதிரி எனக்குப் படுகிறது.

இது நானாக ஏற்றிச் சொல்வது என்று நினைக்க வேண்டாம். சாக்ரடீஸ் காலத்துப் புரோடிகஸ் என்ற ஆசிரியர் சொன்ன உருவகக் கதையை, சாக்ரடீஸின் சீடர் செனபோன் எழுதி வைத்திருக்கிறார். வாலிப ஹெர்குலிஸ் எந்தப் பாதையில் போவது என்று தனியே உட்கார்ந்து யோசிக்கும்போது இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி தீமை, பூசி மினுக்கி வந்து சுகமான வழியைக் காட்டுகிறாள். இன்னொருத்தி அறம், வெள்ளை உடையில் வந்து உழைக்காமல் நல்லது எதையும் தெய்வம் தராது என்கிறாள். எல்லாரும் இதோடு நிறுத்திக்கொண்டு, பார்த்தாயா, உழை, உழை என்று பாடம் நடத்திவிடுகிறார்கள். கதை அங்கே முடியவில்லை. அதே அறம் சொல்கிறாள்: என் பக்கம் வருகிறவர்களுக்குத் தூக்கம், சும்மா இருப்பவர்களின் தூக்கத்தைவிட இனிமையாக இருக்கும் என்று. ஆக, ஓய்வு சோம்பேறியின் சொத்து கிடையாது, உழைத்தவனுக்குச் சேர வேண்டியது. நிழலின் அருமை வெயிலில் தெரியும்.

இங்கே என் அக்கா கதையைச் சொல்ல வேண்டும். அக்கா ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் இருந்தாள். கடை பெயர் வேண்டாம். தீபாவளிச் சமயம் காலை ஒன்பதுக்கு நின்றால் ராத்திரி பத்தரைக்குத்தான் கால் மடங்கும். பிரித்துக் காட்டணும், மடிக்கணும், மறுபடி பிரிக்கணும். தூணில் சாய்ந்தால் கேமராவில் பார்த்துச் சம்பளத்தில் ஐம்பது ரூபாய் பிடிப்பார்கள். அதனால் உட்கார வேண்டும் என்பதற்காகவே பாத்ரூம் போவாள். ஒருநாள் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி, பேத்தி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருக்கிறார். நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பத்தாவது சேலையைப் பிரிக்கும்போது அக்காவின் கால்களைப் பார்த்திருக்கிறார். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு முடிச்சு முடிச்சாக நிற்கும். பாட்டி எழுந்துவிட்டார். "நீ உக்காரு தாயி, நான் நின்னு பாத்துக்கிறேன்" என்று தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டார். சூப்பர்வைசர் ஓடி வந்தார். பாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்து, "ஏன்யா, இவ உக்காந்தா சேலையில சரிகை உதிந்துருமா?" என்று கேட்டார். கடையே திரும்பிப் பார்த்தது. மூன்று சேலை வாங்கினார், மூன்றையும் அக்கா உட்கார்ந்தே மடித்துக் கொடுத்தாள். இருபது வருஷம் ஆகிவிட்டது, இன்றைக்கும் அந்தப் பாட்டியைப் பற்றிப் பேசினால் அக்காவுக்குக் கண் கலங்கும்.

மறுபடி ஹெர்குலிஸிடம் வருகிறேன். கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில், அவர்களின் தலைமைத் தெய்வமான ஜீயஸ் கோயிலில், அவனுடைய பன்னிரண்டு வேலைகளையும் பன்னிரண்டு புடைப்புச் சிற்பமாக வைத்தார்கள். கி.மு. 456 வாக்கில் முடிந்த கோயில். முதல் வேலையிலேயே, சிங்கத்தைக் கொன்ற இளைஞன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு நிற்கிறான். இன்னொன்றில், வானத்தைத் தாங்கி நிற்கும் அட்லஸுக்குப் பதிலாக அந்த வானத்தையே சுமக்கிறான், தோளில் ஒரு மெத்தை வைத்துக்கொண்டு. பின்னால் அத்தீனா தேவி ஒரு கையை உயர்த்திப் பாரத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறாள். தெய்வம் பக்கத்தில் நின்று, இன்னும் நிமிர்ந்து நில் என்று அதட்டவில்லை.

அந்தத் தோள் மெத்தை நம் கடைகளில் ஒரு ஸ்டூல். அவ்வளவுதான் கேட்கிறோம். கேரளம் 2018இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க நின்றே இருக்கும்படி வைக்கக் கூடாது என்று எழுதிவிட்டது. நிழலின் அருமை வெயிலில் தெரியும், ஸ்டூலின் அருமை நின்ற காலுக்குத் தெரியும். சட்டம் வந்தும் ஸ்டூல் வராத கடைகளுக்காகத்தான் இந்த மனு. ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் ஒரு இருக்கை, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அதில் உட்கார்ந்தால் சம்பளப் பிடித்தம் இல்லை. இரண்டே வரி.

தீசியஸுக்கும் லாவோக்கூனுக்கும் நேரம் இல்லை, தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து அண்ணாச்சி போடுவதாகச் சொல்லியிருக்கிறார். தங்கைகள் நின்றுகொண்டு போட வேண்டாம், மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருக்கிறோம்.