0.08 சதவீதம்: ஒரு லேப் ரிப்போர்ட்டின் ஒரே வரி

[திரையில்: ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பெயரும் வயதும் மறைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே ஒரு வரி மட்டும் மஞ்சள் நிறத்தில்.]

வணக்கம். இந்த மஞ்சள் வரியைப் பாருங்கள். "பிசிஆர்-ஏபிஎல்1 (ஐஎஸ்): 0.08%".

சிஎம்எல் என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்கிற ரத்தப் புற்றுநோய் ஒருவருக்கு இருந்தால், அந்த வீட்டுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை இப்படி ஒரு காகிதம் வரும். படித்த பிள்ளை யாராவது கையில் கொடுத்து, "நல்லா இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்பார்கள். அந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் புரியாது. இந்த வீடியோவில் இந்த ஒரே வரியைத்தான் படிக்கப்போகிறோம். இதிலுள்ள ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் யாரோ சிலருடைய பல வருட உழைப்பு இருக்கிறது.

முதலில் நோய். எலும்பு மஜ்ஜைதான் நம் ரத்தம் உற்பத்தியாகும் இடம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டும். சிஎம்எல் வந்தவருக்கு இது லட்சத்தைத் தாண்டிப் போவதுண்டு. மண்ணீரல் வீங்கி இடது விலாவுக்குக் கீழே கனக்கும். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். சிலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. வேறு எதற்கோ ரத்தம் கொடுத்த இடத்தில்தான் தெரியவரும். கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகள் மெதுவாக நகர்ந்துவிட்டு, பிறகு ஒரே பாய்ச்சலாகத் தீவிர லுகேமியாவாக, அதாவது வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோயாக மாறிவிடும்.

[திரையில்: நுண்ணோக்கிக்குக் கீழே சிதறிக் கிடக்கும் குரோமோசோம்கள்]

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். பீட்டர் நோவெல் என்ற ஆய்வாளர் லுகேமியா செல்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, குழாய்த் தண்ணீரில் கழுவினார். தண்ணீரை உறிஞ்சிய செல்கள் ஊதிப் பெருத்தன. உள்ளே குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்து, எண்ணிப் பார்க்கும்படி கிடந்தன. குரோமோசோம்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற மாணவர் அவரோடு சேர்ந்துகொண்டார். சிஎம்எல் நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்தைவிடக் குட்டியாக இருப்பதை இருவரும் கண்டார்கள். 1960-இல் அதை வெளியிட்டார்கள். ஊர்ப் பெயரே அதற்கு நிலைத்தது: பிலடெல்பியா குரோமோசோம். ஒரு புற்றுநோயையும் ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் கோளாறையும் யாராவது முடிச்சுப் போட்டுக் காட்டியது அதுதான் முதல்முறை.

சரி, குட்டியானது என்றால், குறைந்த துண்டு எங்கே போனது?

இதற்கு விடை வர 12 ஆண்டுகள் ஆயின. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற டாக்டர், நான்கு பிள்ளைகளின் தாய். குரோமோசோம்களில் வரி வரியாகப் பட்டைகள் தெரியும்படி சாயமேற்றும் முறை அப்போதுதான் வந்திருந்தது. அப்படி எடுத்த போட்டோக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி, கத்தரிக்கோலால் ஒவ்வொரு குரோமோசோமையும் வெட்டி, ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்ப்பார். காகிதப் பொம்மை விளையாடுவதற்கா உங்களுக்குச் சம்பளம் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்.

[திரையில்: இரண்டு காகிதத் துண்டுகள். ஒன்றில் 9, இன்னொன்றில் 22.]

அந்த மேஜையில்தான் அது பிடிபட்டது. 22-ஆம் குரோமோசோமின் நுனி காணவில்லை. 9-ஆம் குரோமோசோமின் நுனியில் ஏறக்குறைய அதே அளவு கூடுதலாக இருக்கிறது. ஆக, எதுவும் தொலையவில்லை, இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன. 1973-இல் இது வெளியானது.

வீட்டில் இருப்பவர்கள் தவறாமல் கேட்கிற ஒரு கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இந்த இடமாற்றம் மஜ்ஜையில் ஒரே ஒரு தாய்ச் செல்லில், வாழ்நாளின் நடுவே ஏதோ ஒரு நாள் நடந்தது. அம்மா அப்பாவிடமிருந்து வந்ததில்லை. பிள்ளைகளுக்குப் போகவும் போகாது. தயவுசெய்து யாரும் குற்ற உணர்ச்சியோடு இருக்க வேண்டாம்.

இப்போது ரிப்போர்ட்டிலுள்ள பெயர்களுக்கு வருவோம். ஏபிஎல் என்பது ஹெர்பர்ட் ஏபல்சன் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. எலிகளுக்கு லுகேமியா உண்டாக்கும் ஒரு வைரஸை அவர் 1970-ஐ ஒட்டிக் கண்டறிந்தார். அந்த வைரஸில் இருந்த ஜீனின் மனித உறவினர் நம் 9-ஆம் குரோமோசோமில் இருப்பதும், சிஎம்எல்-இல் அது 22-க்குக் குடிபெயர்வதும் 1982-இல் தெரிந்தன. 22-இல் எங்கே முறிகிறது என்று தேடினார்கள். நோயாளிக்கு நோயாளி முறிவு விழும் இடம் கொஞ்சம் கொஞ்சம் மாறினாலும், எல்லாமே ஏறக்குறைய 6,000 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு சின்னப் பகுதிக்குள்ளேயே விழுந்தன. முறிவுகள் கூடும் பகுதி என்ற பொருளில் ஆங்கிலத்தில் வைத்த பெயரின் சுருக்கம்தான் பிசிஆர். கோவிட் சமயத்தில் கேட்ட பிசிஆர் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இது ஜீன், அது சோதனை முறை. இந்த ரிப்போர்ட்டில் இரண்டுக்குமே வேலை இருக்கிறது, அதனால்தான் குழப்பம்.

[திரையில்: மாடித் தண்ணீர்த் தொட்டி, நிரம்பி வழிகிறது]

ஏபிஎல் ஒரு என்சைமைத் தயாரிக்கிறது. செல்லின் எரிபொருளான ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து மற்ற புரதங்களில் ஒட்டுவது அதன் வேலை. "வளரு" என்ற உத்தரவு அப்படித்தான் செல்லுக்குள் கைமாறிப் போகிறது. நம் வீட்டு மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பியதும் தானாக நிறுத்த ஒரு ஆட்டோ கட்-ஆஃப் இருக்கும். இயல்பான ஏபிஎல் புரதத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. புரதத்தின் முனையிலுள்ள ஒரு கொழுப்பு வால் வளைந்து வந்து, அதன் உடலிலேயே உள்ள ஒரு குழியில் செருகி, அதை அடக்கி வைக்கும். ஏபிஎல் 22-க்குப் போய் பிசிஆரோடு ஒட்டி, பிசிஆர்-ஏபிஎல் என்ற ஒரே ஜீனாகும்போது அந்த முனையே போய்விடுகிறது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அப்படியென்றால் மோட்டாரை மட்டும் நிறுத்தினால் போதாதா? சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சிபா-கெய்கி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடன், யூர்க் சிம்மர்மான் குழுவினர் உருவாக்கிய ஒரு மூலக்கூறு, ஏடிபி உட்காரும் இடத்தில் போய் அடைத்துக்கொண்டது. அமெரிக்காவின் ஓரிகனில் பிரையன் டிரக்கர் அதைச் சோதித்தார். சிஎம்எல் செல்கள் செத்தன, மற்றவை பெரும்பாலும் தப்பின. 1998 ஜூனில் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. தினமும் 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை முழுதாக இயல்புக்கு வந்தது. இந்த எண்ணை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும். அதுதான் இமாட்டினிப். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புதிதாக நோய் கண்ட நிலையிலேயே இதைத் தொடங்கியவர்களைப் பத்தாண்டு தாண்டிக் கணக்கெடுத்தபோது, 100-க்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள்.

இந்த மருந்துக்குச் சென்னையோடும் ஒரு தொடர்பு உண்டு. சிபா-கெய்கி இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து உருவான நோவார்டிஸ், இதன் ஒரு படிக வடிவத்துக்கு 1998-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006-இல் அது நிராகரிக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அப்போது அசல் மாத்திரைக்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல், இந்தியக் கம்பெனிகளின் ஜெனரிக் மாத்திரைக்கு ஏறக்குறைய 10,000 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிலருக்கு மருந்து கேட்காமல் போவதும் உண்டு. புரதத்தின் 315-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால், இமாட்டினிப் உள்ளே நுழைய முடியாது. அதற்கும் மருந்து வந்துவிட்டது. அவற்றில் 2021-இல் வந்த அசிமினிப் என் மனதுக்கு மிகவும் பிடித்தது. கொழுப்பு வால் செருகுகிற அந்தக் குழி காலியாகக் கிடந்ததல்லவா? இது நேராகப் போய் அங்கேயே உட்கார்கிறது. தொலைந்த ஆட்டோ கட்-ஆஃபைத் திரும்ப மாட்டியது போல.

[திரையில்: மீண்டும் அதே ரிப்போர்ட். 0.08% மட்டும் பெரிதாகிறது.]

இனி அந்த எண். நோயாளியின் ரத்தத்தில் பிசிஆர்-ஏபிஎல் ஜீனின் பிரதிகள் எவ்வளவு என்று ஆர்டி-பிசிஆர் சோதனையில் அளந்து, இயல்பான ஒரு ஜீனின் பிரதிகளோடு ஒப்பிடுகிறார்கள். ஐஎஸ் என்றால் சர்வதேச அளவுகோல். சிகிச்சைக்கு முந்தைய நிலையைப் பொதுவாக 100 என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. 0.1-க்கு வந்துவிட்டால், நோயின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது என்று பொருள். டாக்டர்கள் எட்ட நினைக்கிற முக்கியமான கோடு அது. 0.08 அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. நல்ல செய்தி. வீட்டில் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எண் இதுவல்ல. 0.01-க்கும் கீழே பல ஆண்டுகள் நிலைத்து நின்ற சிலருக்கு, டாக்டர் கண்காணிப்பில் நிறுத்திப் பார்க்கிறார்கள். பிரான்சில் நடந்த முதல் பெரிய ஆய்வில் நிறுத்திய 100 பேரில் 40 பேர் அளவுக்கு நோய் திரும்பாமலே இருந்தார்கள். மற்றவர்களில் அநேகமாக எல்லோருக்குமே மாத்திரையை மறுபடி தொடங்கியதும் கட்டுப்பட்டது.

அடுத்த ரிப்போர்ட்டில் 0.08 என்பது 0.11 ஆகியிருந்தால் பதற வேண்டாம், சோதனையிலேயே அந்த அளவு ஏற்ற இறக்கம் உண்டு. முடிந்தவரை ஒரே லேபில் கொடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு ஃபைலில் தேதி வாரியாக வைத்து, டாக்டரிடம் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். இடையில் மாத்திரை விட்டுப்போன நாட்கள் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எண் ஏறியிருந்தால், அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.