சேர்த்து வைத்ததா? சமைத்துப் போட்டதா?

நடுவர் அவர்களுக்கு வணக்கம். மறைந்துபோன குடும்பத் தலைவரை நம் நெஞ்சில் நிறுத்துவது அவர் சேர்த்து வைத்ததா, சமைத்துப் போட்டதா என்பது தலைப்பு. சமைத்துப் போட்டதுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் கேட்டார், "அப்பா கட்டின வீட்டில் உட்கார்ந்துகொண்டுதானே அப்பாவை நினைத்து அழுகிறோம்?" என்று. கைதட்டலும் வாங்கிவிட்டார். அண்ணே, எங்கள் அப்பாவும் வீடு கட்டினார். 16-ஆம் நாள் காரியம் முடிந்த கையோடு யாருக்கு மாடி, யாருக்குக் கீழ் என்று ஆரம்பித்துவிட்டோம். அழ எங்கே நேரம்?

அப்பா திருநெல்வேலியில் பஸ் கண்டக்டர். லீவு நாளில் தோல் பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கரண்டியை எடுத்துவிடுவார். அவர் கைக்குப் பேர் வாங்கித் தந்தது சொதி. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கும் விருந்துக் குழம்பு அது. நாங்கள் மாப்பிள்ளை ஆகும்வரை அப்பா காத்திருக்கவில்லை, மாதம் ஒரு ஞாயிறு வைத்துவிடுவார்.

தேங்காயைத் துருவி மூன்று பால் எடுப்பார். மூன்றாம் பாலில் காய் வேகும். வெந்த பாசிப்பருப்போடு இரண்டாம் பால் சேரும். முதல் பால் மட்டும் எவர்சில்வர் தம்ளரில், மேலே தட்டு போட்டு, ஜன்னல் திண்டில் இருக்கும். பக்கத்தில் போனால் கரண்டிக் காம்பால் கையில் ஒரு தட்டு. கடைசியில் அடுப்பைத் தணித்து அந்தப் பாலை ஊற்றுவார். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுவார், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் பிழிவது அதற்கும் அப்புறம்தான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்ப்பார். அம்மா வாயில் வைக்காமலே "உப்பு ஒரு கல் கம்மி" என்பாள். எல்லா மாதமும் அதேதான்.

எதிரணி அக்கா, "ஆம்பிளை மாசத்துல ஒரு நாள் சமைச்சா அது கதை, பொம்பிளை தினமும் சமைச்சா அது கடமையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்பா சொதி வைத்த அன்றைக்கும் பாத்திரம் தேய்த்தது அம்மாதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா, நீங்கள் எங்கள் அணிக்கல்லவா பேசிவிட்டீர்கள்! அம்மா சமைத்ததை நினைக்கச் சொன்னீர்களே தவிர, அம்மா சேர்த்த நகையை நினைக்கச் சொல்லவில்லையே!

நளனைப் பாருங்கள் நடுவர் அவர்களே. நாட்டைச் சூதாட்டத்தில் தோற்றான். உருவமும் மாறிப்போய், வாகுகன் என்ற பேரில் தேரோட்டியாக வந்து நிற்கிறான். தமயந்திக்குச் சந்தேகம். அவன் சமைத்ததை வரவழைத்து வாயில் வைத்துப் பார்த்தாள், புருஷன் தெரிந்துவிட்டது. சேர்த்ததும் போச்சு, முகமும் போச்சு, கைப்பக்குவம் மட்டும் அவனோடு இருந்திருக்கிறது.

வீட்டுப் பங்கில் எனக்கும் என் அண்ணனுக்கும் 2 வருஷமாகப் பேச்சு கிடையாது. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் 12 மணி இருக்கும், அவனிடமிருந்து போன். எடுப்பதா வேண்டாமா என்று யோசித்துத்தான் எடுத்தேன்.

"ஏலே, மொதப் பாலு திரிஞ்சு போச்சுலே. அப்பா எப்ப ஊத்துவாவ?"

"அடுப்பத் தணிச்சியாண்ணே?"

"இல்லலே."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல், "உப்பு பாத்தியா?" என்றேன்.

"ஒரு கல் கம்மி" என்றான்.

வீட்டுக் கேஸ் இன்னும் நடக்கிறது, அது வேறு விஷயம். மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன். வணக்கம்.